ஏழாம் எண்ணுக்கு மூன்று ஓட்டுகள்

டார்னுக் ஊருக்கும் வீராபின் ஊருக்கும் நடுவில் ஓர் ஆறும் ஒரு பாலமும் மட்டுமே உண்டு. பாலத்தின் இந்த முனையில் பாதாம் தோட்டங்கள். அந்த முனையில் கோதுமைக் கிடங்குகள். ஆண்டு முழுவதும் இரண்டு ஊராரும் ஒரே கடையில் ரொட்டி வாங்குவார்கள். ஒரே பல் மருத்துவரிடம் வாயைத் திறப்பார்கள். ஆனால், அந்த நாட்டில் குளிர்காலமான ஆகஸ்டு மாதத்தில் வரும் ஒரு சனிக்கிழமை மட்டும், பாலத்தில் எதிரெதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அன்றுதான் இரண்டு ஊர்ச் சிறுவர் அணிகளும், பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் அந்த நாட்டுக் கால்பந்தாட்டத்தில் மோதும் நாள்.

அந்த ஆட்டத்தில் மிகச் சிறப்பாக ஆடியவருக்குப் பாலப் பதக்கம் கிடைக்கும். பழைய இரும்புப் பாலத்தைப் பிரித்தபோது கிடைத்த ஆணிகளின் தலைகளைத் தேய்த்து மெருகேற்றி, ஆண்டுக்கு ஒன்றாகக் கொடுத்து வருகிறார்கள். கடையில் விற்கும் பதக்கங்களைவிட அது கனமானது, அழகு குறைந்தது. இருந்தாலும் அதற்காக ஏங்காத சிறுவர்களோ சிறுமிகளோ ஆற்றின் இரு கரைகளிலும் இல்லை.

பிப்பாவும் ஏங்கினாள். டார்னுக் விளையாட்டுச் சங்கக் கூடத்தில், பதக்கம் வென்றவர்களின் பெயர்ப் பலகையில் அவளுடைய அப்பாவின் பெயர் இருந்தது. அண்ணன் டெக்கின் பெயரும் இருந்தது. அதற்குக் கீழே இருந்த வெற்றிடத்தை அவள் பல முறை பார்த்திருக்கிறாள். அடுத்த ஆண்டு அவள் பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் அணிக்குப் போய்விடுவாள். அங்கே பாலப் பதக்கம் கிடையாது. ஆகவே, இந்தச் சனிக்கிழமையை விட்டால் வேறு சனிக்கிழமை இல்லை.

அணியின் ஜெர்சிகளை வாரம் ஒரு குடும்பம் துவைத்துக் கொண்டுவர வேண்டும். அந்த வாரம் பிப்பாவின் வீட்டு முறை. கொடியிலிருந்து ஜெர்சிகளை எடுத்து, எண் வரிசைப்படி மடித்துப் பையில் அடுக்குவது பிப்பாவின் வேலை. அவள் அதை ஒழுங்காகத்தான் செய்தாள். கொடியின் கடைசியில் தொங்கிய அறுபதாம் எண் ஜெர்சி மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.

அறுபது என்பது யாருடைய எண்ணும் அன்று. யாருடைய ஜெர்சியிலாவது ரத்தம் பட்டுவிட்டால் மாற்றிக்கொள்வதற்காக வைத்திருக்கும் ஜெர்சி அது. அந்தப் பருவம் முழுவதும் அதை ஒருவரும் தொட்டதில்லை.

"இன்னைக்கு மட்டும் யார் கேட்கப் போறாங்க?" என்று சொல்லிவிட்டு, பிப்பா அதைக் கொடியிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

ஆட்டம் தொடங்கும்போதே மழையும் தொடங்கியது. திடலைச் சுற்றிலும் கார்கள் மூக்கை உள்நோக்கி வைத்து நின்றன. மழைக்குப் பயந்து கார்களுக்குள் உட்கார்ந்திருந்த பெரியவர்கள், கண்ணாடிகளைக் கொஞ்சமாக இறக்கி, நடுவரைத் திட்டினார்கள்.

"கண்ணாடி போடுங்க அம்பயர்!"

நடுவர் நூனன் இரண்டு ஊர்களையும் சேராதவர். வார நாள்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். அவர் ஏற்கெனவே கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பிப்பா ஏழாம் எண் ஜெர்சியும் மெத்தென்ற நீல நிறத் தலைக்கவசமும் அணிந்து, எதிரணியின் கோல் கம்பங்களுக்கு முன்னால் நின்றாள். அவளை ஒட்டி நின்று தடுக்க வேண்டியவன் வீராபின் அணியின் மூன்றாம் எண், பெயர் ரோரி. பந்துக்கு ஓய்வு கிடைத்தாலும் அவர்கள் இருவருடைய வாய்க்கும் ஓய்வு கிடைக்கவில்லை.

"பந்து உன் கைக்கு வராது பிப்பா. வேணும்னா ஒரு ஆரஞ்சு தரேன், அதைப் பிடிச்சுப் பழகிக்கோ."

"போன தடவை பந்துன்னு நினைச்சு உங்க டீம் ஆளையே பிடிச்சவன்தானே நீ?"

"அது மழை!"

"இப்ப மட்டும் வெயிலா அடிக்குது? ரோரி, உன் ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கு."

ரோரி குனிந்தான். அதே நேரத்தில் பந்து உயரமாக வந்தது. பிப்பா பாய்ந்து பிடித்து, இரண்டு உயரக் கம்பங்களுக்கும் நடுவே உதைத்துவிட்டாள். டார்னுக் கார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன.

"ஏமாத்துக்காரி!"

"நிஜமாவே அவிழ்ந்துதான் இருக்கு. நீயே பாரு."

ரோரி பார்த்தான். அவிழ்ந்துதான் இருந்தது.

ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் இரண்டாவதான காலாட்டத்தில் பிப்பா இன்னொரு கோல் அடித்தாள். பதக்கம் கழுத்துக்கு வந்துவிட்டதைப் போலவே அவளுக்குத் தோன்றியது. ஆனால், இடைவேளைச் சங்கு ஊதுவதற்குச் சற்று முன்பு, சேற்றில் கால் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது.

பயிற்சியாளரின் பெயர் டேரன். அவரை அப்படி அழைப்பவர் அவருடைய தாயார் மட்டுமே. மற்ற எல்லாருக்கும் அவர் டாசா. அவர் பிப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னைக்கு இவ்வளவுதான் கண்ணு. ஐஸ் வெச்சுக்கிட்டு உட்காரு."

மூன்றாவது காலாட்டம் தொடங்கிய உடனேயே, இருபத்திரண்டாம் எண் ஜெர்சி போட்டிருந்த செமிசியின் மூக்கில் யாருடைய முழங்கையோ இடித்தது. செமிசியின் குடும்பம் டோங்கா தீவிலிருந்து பாதாம் தோட்ட வேலைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. உயரமான பையன், அதிகம் பேசாதவன். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் ஜெர்சியை நனைத்துவிட்டது.

"ரத்தம்! இருபத்திரண்டு, வெளிய போ! ஜெர்சியை மாத்திட்டு வா!" என்று நூனன் கத்தினார்.

மூக்கில் ரத்தம் சீக்கிரமே நின்றுவிட்டது. டாசா பையைக் கவிழ்த்துக் கொட்டினார்.

"அறுபது எங்க?"

பிப்பாவின் முகம் வெளுத்தது. "கொடியில."

"எந்தக் கொடியில?"

"எங்க வீட்டுக் கொடியில."

டாசா இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டார். பிப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தன் ஜெர்சியைக் கழற்றிச் செமிசியிடம் நீட்டினாள். "நான்தான் இனிமே ஆடப் போறதில்லையே. இந்தா, போட்டுக்கோ. இந்தத் தலைக்கவசத்தையும் எடுத்துக்கோ. முடி கண்ணுல விழுது பாரு."

ஈர ஜெர்சி செமிசியின் வயிற்றுக்குப் பாதிவரைதான் வந்தது.

"மூச்சு விட முடியலை பிப்பா."

"விடாதே. ஓடு!"

"அம்பயர்கிட்ட நான் சொல்லிடறேன்" என்றார் டாசா. ஆனால், அந்த நேரம் பார்த்து வீராபின் அணி பந்தோடு பாய்ந்து வந்தது. "பின்னால ஓடுங்கடா! பின்னால!" என்று அலறத் தொடங்கியவர், சொல்ல வேண்டியதை அடியோடு மறந்துபோனார்.

அதற்குள் திடல் முழுவதும் சேறாகிவிட்டது. நீலச் சட்டை எது, மஞ்சள் சட்டை எது என்றே தெரியவில்லை. அந்தச் சேற்றில் செமிசி மட்டும் பறந்தான். ரோரியின் தலைக்கு மேல் எழும்பிப் பந்தைப் பிடித்தான். திடலின் அந்தக் கோடியிலிருந்த ஒலிபெருக்கி உற்சாகமாக அலறியது.

"என்ன ஒரு பிடி! டார்னுக் ஏழாம் நம்பர், பிப்பா!"

பிப்பா போர்வையைப் போர்த்திக்கொண்டு, காலில் ஐஸும் கையில் இறைச்சி அடைத்துச் சுட்ட மீட் பையுமாக உட்கார்ந்திருந்தாள். அவள் சாஸ் வழிந்த கையை உயர்த்தி எல்லாருக்கும் ஆட்டினாள். பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

செமிசியின் அம்மாவும் அங்கேதான் நின்றிருந்தார். சனிக்கிழமைகளில் அவருக்குப் பாதாம் பொட்டலம் கட்டும் வேலை. மகனுடைய ஆட்டத்தைப் பார்க்க வந்தது அன்றுதான் முதல் தடவை. விதிகள் ஒன்றும் தெரியாததால், எந்த அணி கோல் அடித்தாலும் கைதட்டினார். அவருடைய குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

அவர் பிப்பாவின் பக்கம் குனிந்து கேட்டார். "கண்ணு, என் பையன் பந்தைப் பிடிக்கிறப்ப எல்லாம் அவங்க 'பிப்பா'ன்னு கத்தறாங்களே, அப்படின்னா என்ன? நல்லா பிடிச்சா அப்படித்தான் கத்தணுமா?"

பிப்பாவின் வாய் நிறைய மீட் பை. அவள் அதை விழுங்குவதற்குள் செமிசி மறுபடியும் எழும்பிவிட்டான்.

"பிப்பா! பிப்பா!" என்று அவன் அம்மா துள்ளினார்.

கடைசிச் சங்கு ஊதியபோது, வீராபின் ஒரே ஒரு புள்ளியில் வென்றிருந்தது.

சங்கக் கூடத்தில் ஈரக் காலுறை நாற்றமும் பூசணி சூப்பின் மணமும் கலந்து வீசின. வீராபின் ஊரார் ஒரு பக்கம் பாடிக்கொண்டிருந்தார்கள். டார்னுக் ஊரார் மறுபக்கம் சூப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மிச்சம் இருந்த ஒரே நம்பிக்கை பதக்கம்தான்.

நடுவர் நூனன் மேடையேறினார். சிறந்த மூவருக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று நடுவர் ஜெர்சி எண்ணைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுவார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"ஒரு ஓட்டு, டார்னுக் பதினஞ்சு. ரெண்டு ஓட்டு, வீராபின் மூணு. நம்ம ரோரி. மூணு ஓட்டு... டார்னுக், ஏழாம் நம்பர்!"

கூரை அதிர்ந்தது. டெக் இரண்டு விரல்களை வாயில் வைத்து விசில் அடித்தான். பிப்பா நொண்டிக்கொண்டே மேடைக்குப் போனாள். அந்த இரண்டு கோல்கள்! நூனன் அவற்றை மறக்கவில்லை! பதக்கம் அவள் கழுத்தில் விழுந்தது. அவள் நினைத்திருந்ததைவிடக் கனமாகவே இருந்தது.

"முதல் பாதியில ரெண்டு கோல், சரிதான்" என்று நூனன் தொடர்ந்தார். "ஆனா என் ஓட்டு அதுக்கு இல்லை. கடைசிக் காலாட்டத்துல ஏழாம் நம்பர் அத்தனை பேர் தலைக்கு மேலயும் எழும்பிப் பிடிச்சதே, அதுக்கு. அப்புறம் தானே கோல் அடிச்சிருக்கலாம். அடிக்காம, இன்னைக்குப் பூரா பந்தையே தொடாத குட்டிப் பையன்கிட்டக் கொடுத்து அவனை அடிக்க வெச்சதே, அதுக்கு!"

"அது என் பையன்!" கூடத்தின் பின்னாலிருந்து செமிசியின் அம்மாவின் குரல் வந்தது. பக்கத்தில் இருந்தவரின் தோளை அவர் தட்டினார். "அவன்தான் கொடுத்தான்! நான் பார்த்தேன்!"

செமிசி அவருடைய கையைப் பிடித்து இழுத்தான். "அம்மா, உட்காரு."

அவர் மேடையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் மெல்ல உட்கார்ந்தார். பிறகு, மரியாதைக் குறைவாக இருக்கக் கூடாது என்று மேடையிலிருந்த பெண்ணுக்காகக் கைதட்டினார்.

பிப்பா அப்படியே நின்றுவிட்டாள். மேடையின் ஓரத்துக்கு வந்த டெக் கிசுகிசுத்தான்.

"பேசாம இறங்கி வா, பிப். ரெண்டு கோல் நீதானே அடிச்ச? மேட்ச்தான் போச்சு. பதக்கமாவது நம்ம பக்கம் இருக்கட்டும்."

அவன் சொன்னது முழுப் பொய் அன்று. ஏழாம் எண்ணில் பாதி அவள்தான். இறங்கிப் போய்விட்டால், நாளைக்கே பலகையில் அவள் பெயர் ஏறிவிடும். பிப்பா தன் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் இன்னும் கொஞ்சம் சாஸ் ஒட்டியிருந்தது. அந்தக் கையை ஆட்டியபோது எல்லாரும் சிரித்தார்கள். இப்போது ஆட்டினால் யார் சிரிப்பார்கள்?

"மிஸ்டர் நூனன், ஒரு தப்பு நடந்திருக்கு."

"என் கண்ணைப் பத்தின்னா, காலையிலேருந்தே கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

கூடம் சிரித்தது.

"உங்க கண்ணு இல்லை. ஜெர்சி" என்றாள் பிப்பா. "ரெண்டாவது பாதியில நான் வெளியதான் உட்கார்ந்திருந்தேன். செமிசி ஜெர்சியில ரத்தம் பட்டதால என்னோடதைக் கொடுத்தேன். மாத்து ஜெர்சியை எங்க வீட்டுக் கொடியிலயே விட்டுட்டு வந்தது நான்தான். நீங்க சொன்னது எல்லாம் செமிசி செஞ்சது."

பின்வரிசையில் டாசா தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "உங்ககிட்டச் சொல்றேன்னு சொன்னது நான்! மறந்தே போச்சு!"

நூனன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்னைக் கண்ணாடி போடச் சொன்ன அத்தனை பேர்ல ஒருத்தர்கூடவா ஏழு மாறினதைக் கவனிக்கலை? திங்கக்கிழமை பஸ்ஸை எடுத்துட்டு வரேன். எல்லாருமாச் சேர்ந்து கண் டாக்டர்கிட்டப் போகலாம்."

இந்த முறை ஒருவரும் உரக்கச் சிரிக்கவில்லை.

"ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு" என்றார் நூனன். "நான் ஏழுக்குப் போட்டது மூணு ஓட்டு. ஏழு ரெண்டு பேர்னா, ஆளுக்கு ஒண்ணரை. ரோரிக்கு ரெண்டு."

கணக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. வீராபின் பக்கத்தில் ஆரவாரம் எழுந்தது. டார்னுக் பக்கத்தில் யாரோ சூப்புக் கிண்ணத்தைத் தொப்பென்று வைத்தார்கள். டெக் முகத்தை மூடிக்கொண்டான்.

பிப்பா வேகமாக யோசித்தாள்.

"மிஸ்டர் நூனன், நீங்க தூரத்துல இருந்து பார்த்தீங்க. நாங்க யாராவது சொன்னா, எங்க ஊர்க்காரனுக்காகச் சொல்றோம்னு நினைப்பாங்க. ஆனா ஆட்டம் முழுக்க ஏழை ஒட்டியே நின்னது ஒரே ஒரு ஆளுதான். எந்த ஏழுக்கு எவ்வளவுன்னு அவனையே கேளுங்க."

"யாரை?"

"ரோரியை."

"பதக்கம் வாங்க நிக்கிறவன்கிட்டயேவா கேட்பாங்க?" என்று டெக் முனகினான்.

ரோரி எழுந்தான். எல்லாருடைய கண்களும் அவன்மேல் இருந்தன. அவனுடைய கண் பதக்கத்தின்மேல் இருந்தது. "சரிபாதின்னு சொல்லிட்டு வாடா!" என்று அவன் பின்னாலிருந்து யாரோ கிசுகிசுத்தார்கள். ரோரி காதில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டினான்.

"முதல் பாதி ஏழு ரெண்டு கோல் அடிச்சுது. அதுல ஒண்ணு என் ஷூ லேஸாலதான். ஆனா வாயை மூடவே இல்லை. இடைவேளையில நான் தலைவலி மாத்திரை கேட்டேன்."

கூடம் குலுங்கியது.

"ரெண்டாவது பாதி ஏழு ஒரு வார்த்தைகூடப் பேசலை. அப்பாடான்னு இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுதான் தெரிஞ்சுது, பந்தும் என் பக்கம் வரவே இல்லைன்னு. ஏழு ஒரு சாண் வளர்ந்திருந்துச்சு. இடைவேளையில நல்லா சாப்பிட்டிருப்பா போலன்னு நினைச்சேன்."

"சரி ரோரி, எந்த ஏழு?"

ரோரி பதக்கத்தை இன்னொரு முறை பார்த்தான்.

"ரெண்டாவதுதான். அவனுக்கே மூணு ஓட்டு. பாதி ஆட்டம் ஆடினாலும் மூணுதான். இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் கேட்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தான்.

முதலில் கைதட்டியது டார்னுக் பக்கமா, வீராபின் பக்கமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

செமிசி இன்னும் அந்தக் குட்டை ஜெர்சியோடுதான் மேடைக்கு வந்தான். பிப்பா பதக்கத்தைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டாள். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால், கணுக்கால் அளவுக்கு வலிக்கவில்லை.

"உன் ஜெர்சி கக்கத்துல கிழிஞ்சுபோச்சு" என்று செமிசி அவள் காதருகே சொன்னான். "மூச்சு விடாம எவ்வளவு நேரம்தான் ஓடறது?"

பிப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது செமிசியின் அம்மா எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, கூரை ஓடுகள் அதிரக் கத்தினார்.

"பிப்பா!"

கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அந்தச் சொல்லுக்கு அவர் நினைத்த பொருளே சரி என்று எல்லாருக்கும் தோன்றியதோ என்னவோ, அடுத்த நொடியில் இரண்டு ஊராரும் சேர்ந்து கத்தினார்கள். "பிப்பா!"

எல்லாரும் வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. ரோரி தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

"ரோரி!" என்று பிப்பா கூப்பிட்டாள். "தேங்க்ஸ்."

"அடுத்த வருஷம் பெரிய டீம்ல பார்க்கலாம். ஏழுல யார் வருவாங்க?"

"நான்தான்."

"அப்ப காதுக்குப் பஞ்சு கொண்டு வரேன்."

"கொண்டு வா. ரோரி, ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கு."

"ஒரு தடவைதான் ஏமாறுவேன்!" என்று ரோரி தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். இரண்டே எட்டு வைத்திருப்பான். தடுக்கி, நேராகச் சேற்றுக் குட்டையில் போய் விழுந்தான்.

இந்த முறையும் அது நிஜமாகவே அவிழ்ந்துதான் இருந்தது.